அத்தியாயம் 6: சொல்லாமல் வேலையை விட்டு நின்றால் சட்டம் என்ன செய்யும்?

நோட்டீஸ் கொடுக்காமல் வேலையை விட்டவர்கள் முதலில் கேட்பது இதைத்தான்: "போலீஸ் கேஸ் ஆகுமா சார்?"

ஆகாது. நோட்டீஸ் பீரியடை முடிக்காமல் நிற்பது ஒப்பந்த மீறல். அதற்கு இன்றைய இந்தியச் சட்டத்தில் சிறை கிடையாது, கணக்கு மட்டும் உண்டு. அந்தக் கணக்கு எவ்வளவு, யார் கேட்கலாம், எந்த அளவுக்குக் கேட்கலாம், எதைப் பிடித்துவைக்கக் கூடாது என்பவற்றைத் தெரிந்துகொண்டால் பயத்தில் பாதி போய்விடும். மீதிப் பாதிக்கு ஒரு மின்னஞ்சலும் ஒரு கூரியர் ரசீதும் போதும். இந்த அத்தியாயம் தனியார் வேலையைப் பற்றியது. அரசு ஊழியர்களுக்குத் தனிப் பணி விதிகள் உள்ளதால் அவர்கள் தங்கள் விதிநூலைப் பார்க்கவேண்டும்.

குற்றமாக இருந்த காலம்

ஜெயில் பயம் அடியோடு ஆதாரமற்றது என்று சொல்லிவிட முடியாது. 1859-இல் பிரிட்டிஷ் அரசு கொண்டுவந்த தொழிலாளர் ஒப்பந்த மீறல் சட்டப்படி, முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை விட்டுப் போனால் மாஜிஸ்ட்ரேட் அவரை அழைத்து, பணத்தைத் திருப்பிக் கொடு அல்லது வேலையை முடி என்று உத்தரவிடலாம். கேட்காவிட்டால் மூன்று மாதம் வரை சிறை. 1925-இல் இயற்றப்பட்ட சட்டம் அதை நீக்கியது. அதோடு இந்தியத் தண்டனைச் சட்டத்திலிருந்து அதை ஒத்த இரண்டு பிரிவுகளும் போயின.

ஒரு சிறு எச்சம் மட்டும் இன்றும் இருக்கிறது. குழந்தை, மனநலம் குன்றியவர், படுத்த படுக்கையாகக் கிடக்கும் நோயாளி போன்று தன்னைத் தானே கவனித்துக்கொள்ள இயலாத ஒருவரைப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டவர், வேண்டுமென்றே அதைச் செய்யாமல் விட்டால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 357-ஆம் பிரிவு பாயும். மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வீட்டு நர்ஸ், ஆயா வேலை பார்ப்பவர்கள் மாற்று ஆள் வரும்வரை இருந்து, வீட்டாரிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பவேண்டும்.

மற்றவர்களுக்குப் போலீஸ் தொல்லை வருவது வேலையை விட்டதால் அல்ல, கையோடு எதையாவது கொண்டுபோனதால். லேப்டாப், கம்பெனி பைக், வசூல் பணம், ஸ்டாக், வாடிக்கையாளர் பட்டியல் என்று எது உங்களிடம் தங்கிவிட்டாலும் நம்பிக்கை மோசடி என்று புகார் எழுத இடம் கிடைத்துவிடும். ஊழியர் செய்யும் நம்பிக்கை மோசடிக்கு ஏழு ஆண்டு வரை தண்டனை உண்டு. கம்பெனிக் கோப்புகளைச் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொண்டால் தகவல் தொழில்நுட்பச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். பொருளைத் திருப்பிக் கொடுத்த ரசீது கையில் இருந்தால் இந்தக் கதவு மூடிவிடும்.

"திரும்ப வந்து வேலை செய்" என்று கோர்ட் சொல்லுமா?

சொல்லாது. ஒருவரின் தனிப்பட்ட திறமையைச் சார்ந்த ஒப்பந்தத்தை வற்புறுத்தி நிறைவேற்றவைக்க முடியாது என்கிறது 1963-ஆம் ஆண்டின் குறித்தவகைத் துயர்தீர்ப்புச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு. ராஜினாமா செய்வது ஊழியரின் உரிமை, விதிகளில் வேறு நிபந்தனை இல்லாத வரை விருப்பமில்லாதவரை வேலையில் இருத்திவைக்க முடியாது என்று ஏர் இந்தியா ஊழியர் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018-இல் கூறியது. ஆகவே "ராஜினாமாவை ஏற்கவில்லை, நாளை டியூட்டிக்கு வரவேண்டும்" என்று எச்.ஆர். எழுதும் கடிதத்தால் உங்களை இருக்கையில் உட்காரவைக்க முடியாது.

இன்னொரு பயம், "போட்டி நிறுவனத்தில் ஓராண்டு சேரக் கூடாது" என்ற ஷரத்து. வேலையை விட்டபிறகு பிழைப்பைத் தடுக்கும் இத்தகைய ஷரத்துகள் 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 27-ஆம் பிரிவின்படி செல்லாது. 1980-இல் உச்ச நீதிமன்றம் இதே பாதையில் ஒரு நிறுவனத்துக்குத் தடையுத்தரவு தர மறுத்தது. ஆனால் ஒப்பந்தக் காலம் முடியுமுன் ஓடினால் கதை வேறு. ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் சேர்ந்து, நடுவில் போட்டி நிறுவனத்துக்குப் போன ஒரு தொழில்நுட்ப ஊழியரை, மீதிக் காலத்துக்கு அந்த வேலையைச் செய்யவிடாமல் தடுத்த உத்தரவை 1967-இல் அதே நீதிமன்றம் உறுதி செய்தது. குறிப்பிட்ட காலத்துக்கான ஒப்பந்தத்தில் இருப்பவர்கள் இந்த வேறுபாட்டை மனத்தில் வைக்கவும்.

பாக்கி எவ்வளவு?

முதலில் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்து மூன்று வரிகளைத் தேடுங்கள்: நோட்டீஸ் எத்தனை நாள், அதற்குப் பதில் பணம் கட்டலாமா, அந்தப் பணம் பேசிக்கிலா கிராஸிலா. புரொபேஷனில் இருப்பவர்களுக்கு நோட்டீஸ் நாள் பெரும்பாலும் குறைவு. அதைப் பார்க்காமல் மூன்று மாதத்துக்குக் கட்டியவர்கள் உண்டு.

தமிழ்நாட்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டம் 1947-இன் 41-ஆம் பிரிவு, ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரை நியாயமான காரணமில்லாமலோ, ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் கொடுக்காமலோ நீக்கக் கூடாது என்று முதலாளியைத்தான் கட்டுப்படுத்துகிறது. ஊழியர் எத்தனை நாள் நோட்டீஸ் தரவேண்டும் என்பதை அந்தப் பிரிவு சொல்லவில்லை. அது உங்கள் ஆர்டரிலிருந்து வருவது. ஆலைத் தொழிலாளர்களுக்கு நிலையாணைகள் உண்டு. 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1946-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மத்திய அரசு வகுத்த மாதிரி நிலையாணைப்படி மாதச் சம்பள நிரந்தரத் தொழிலாளிக்கு ஒரு மாதம், மற்ற நிரந்தரத் தொழிலாளிகளுக்கு இரண்டு வாரம் என்று இருந்தது.

ஓர் உதாரணக் கணக்கு. மாதக் கிராஸ் 48,000 ரூபாய், அதில் பேசிக் 24,000. நோட்டீஸ் 90 நாள். 20 நாள் மட்டும் வேலை பார்த்துவிட்டு ஒருவர் நின்றுவிட்டார். குறைவு 70 நாள்.

- அவருக்கு வரவேண்டியது: 20 நாள் சம்பளம் 32,000 ரூபாய். மீதமுள்ள 12 நாள் ஈட்டிய விடுப்பு, பேசிக் கணக்கில் 9,600 ரூபாய். மொத்தம் 41,600.
- நோட்டீஸ் சம்பளம் பேசிக்கில் என்றால்: 70 நாளுக்கு 56,000. அவர் கட்டவேண்டியது 14,400.
- கிராஸில் என்றால்: 70 நாளுக்கு 1,12,000. அவர் கட்டவேண்டியது 70,400.

ஒரே ஆள், ஒரே நாள் கணக்கு, ஆனால் வித்தியாசம் 56,000 ரூபாய். ஆர்டரில் "பேசிக்" என்று எழுதியிருந்தும் செட்டில்மென்ட் தாளில் கிராஸில் கழித்திருந்தால் அந்த ஒரு வரியைச் சுட்டி எழுதுங்கள். இன்னொன்று, இந்தத் தொகைமீது ஜி.எஸ்.டி. கிடையாது என்று மறைமுக வரிகள் வாரியம் 2022 ஆகஸ்டில் சுற்றறிக்கையில் தெளிவுபடுத்திவிட்டது. 18 சதவீதம் சேர்த்துப் போட்டிருந்தால் அடித்துத் திருப்பி அனுப்பலாம்.

நோட்டீஸ் சம்பளத்துக்கு மேலும் நஷ்டஈடு கேட்கலாமா? கேட்கலாம். ஆனால் ஒப்பந்தச் சட்டம் 73-ஆம் பிரிவின்படி அந்த நஷ்டம் உங்கள் விலகலால் நேரடியாக வந்தது என்று அவர்கள் நிரூபிக்கவேண்டும். ஒப்பந்தத்திலேயே தொகை எழுதியிருந்தால் 74-ஆம் பிரிவின்படி அது உச்ச வரம்பு. அதற்குள் நியாயமான அளவைத்தான் நீதிமன்றம் கொடுக்கும். சாதாரண ஊழியர்மீது யாரும் இந்த வம்புக்குப் போவதில்லை. ஆள் போனால் விமானமே நின்றுவிடும் துறைகளில் போவார்கள். கேப்டன்களுக்கு ஓராண்டு, துணை விமானிகளுக்கு ஆறு மாதம் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2017-இல் நோட்டீஸ் காலத்தை வகுத்தது. 2023-இல் 43 விமானிகள் சொல்லாமல் விலகியதாகக் கூறிய ஆகாசா ஏர் நிறுவனம், அவர்களில் சிலர்மீது பம்பாய் உயர் நீதிமன்றத்தில் கோடிக்கணக்கில் நஷ்டஈடு கேட்டது.

பாண்டு எழுதிக் கொடுத்திருந்தால்

"பாண்டு எல்லாம் செல்லாது" என்று டீக்கடையில் சொல்வார்கள். "பாண்டு போட்டால் தலையெழுத்தே முடிந்தது" என்று எச்.ஆர். சொல்வார். இரண்டும் தப்பு.

மூன்றாண்டுக்குள் விலகினால் இரண்டு லட்சம் ரூபாய் கட்டவேண்டும் என்ற விஜயா வங்கியின் நிபந்தனையை உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் செல்லும் என்றது. பொதுத்துறை வங்கி ஒருவரை எடுக்க விளம்பரம், தேர்வு என்று செலவும் காலமும் பிடிக்கும், வழக்குத் தொடுத்தவர் சீனியர் மேனேஜர், அந்தச் சம்பளத்துக்கு இரண்டு லட்சம் கட்டமுடியாத தொகை அல்ல என்பவை அதன் காரணங்களில் சில. 2011-இல் டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு வந்த வழக்கு மறுபக்கத்தைக் காட்டும். அங்கும் பாண்டு இரண்டு லட்சம், காலம் மூன்றாண்டு. ஊழியர் இரண்டாண்டு முடித்துவிட்டுப் போனார். பயிற்சிக்கு நிறுவனம் உண்மையில் செலவழித்தது 67 ஆயிரத்துச் சொச்சம். அதில் மீதி ஓராண்டுக்கான மூன்றில் ஒரு பங்கு, 22 ஆயிரத்துச் சொச்சம்தான் நிறுவனத்துக்குக் கிடைத்தது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நீங்கள் கேட்கவேண்டிய கேள்விகள் தெரியும். உண்மையில் என்ன பயிற்சி கொடுத்தார்கள்? வெளியிலிருந்து வாங்கிய பயிற்சியா, அலுவலகத்து சீனியர் பக்கத்தில் உட்காரவைத்ததா? எவ்வளவு செலவு, பில் உண்டா? எத்தனை மாதம் வேலை செய்து கழித்தீர்கள்? தொகை உங்கள் சம்பளத்தோடு ஒட்டுகிறதா? இவற்றை எழுத்தில் கேட்டாலே பல பாண்டுகள் பாதி விலைக்கு இறங்கும்.

பாண்டோடு கையெழுத்திட்ட வெற்றுக் காசோலை கொடுத்தவர்கள் கூடுதல் கவனமாக இருக்கவேண்டும். அதை நிரப்பி வங்கியில் போட்டுப் பவுன்ஸ் ஆனால் செலாவணி முறிச் சட்டம் 138-ஆம் பிரிவின்படி வழக்கு வரலாம். சிவில் கணக்கு கிரிமினல் கோர்ட்டுக்குப் போகும் வழி அது. ராஜினாமாக் கடிதத்திலேயே காசோலை எண்ணைக் குறிப்பிட்டுத் திருப்பிக் கேளுங்கள்.

செங்கல் சூளை, அரிசி ஆலை போன்ற இடங்களில் அட்வான்ஸ் வாங்கி வேலைக்கு வந்தவர்களுக்கு இந்த அத்தியாயத்தின் கணக்கே பொருந்தாது. அட்வான்ஸைக் காட்டி வெளியே போகவிடாமல் வேலை வாங்குவது கொத்தடிமை முறை. 1976-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த முறையையும் அந்தக் கடனையும் சேர்த்தே ஒழித்துவிட்டது. அவர்கள் போகவேண்டிய இடம் வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) அல்லது கலெக்டர் அலுவலகம்.

எதைப் பிடிக்கலாம், எதைப் பிடிக்கக் கூடாது

*வேலை பார்த்த நாள் சம்பளம்.* 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியத் தொகுப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, ராஜினாமா செய்தவருக்கும் இரண்டு வேலை நாளுக்குள் ஊதியத்தைத் தீர்க்கச் சொல்கிறது. "45 நாளில் செட்டில்மென்ட்" என்ற பழைய பாட்டு இனிச் செல்லாது. எவற்றைக் கழிக்கலாம் என்பதற்கு அந்தச் சட்டத்தில் ஒரு பட்டியல் உண்டு. மொத்தக் கழிவு ஊதியத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. பட்டியலில் நோட்டீஸ் சம்பளம் தனித் தலைப்பாக இல்லை. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் கூடிப் பேசிக்கொண்டு, நியாயமான காரணமின்றி, நோட்டீஸ் இல்லாமல் வராமலிருந்தால் ஆளுக்கு எட்டு நாள் ஊதியம் வரை கழிக்கலாம் என்ற ஒரு விதிவிலக்கு மட்டும் இருக்கிறது. ஆகவே முழுச் சம்பளத்தையும் அப்படியே நிறுத்திவைத்தால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம்.

*பி.எஃப்.* தொடமுடியாது. அது எந்தக் கடனுக்கும் ஜப்தி ஆகாத பணம். நிறுவனம் வெளியேறிய தேதியைப் பதியாமல் இழுத்தடித்தால், கடைசிச் சந்தாவுக்கு இரண்டு மாதம் கழித்து உறுப்பினர் போர்ட்டலில் நீங்களே பதியலாம்.

*கிராஜுவிட்டி.* ஐந்தாண்டு முடித்தவர் ராஜினாமா செய்தாலும் உண்டு. நிறுவனத்துக்குச் சேதம் விளைவித்தது, வன்முறை, ஒழுக்கக்கேடான குற்றம் போன்றவற்றுக்காக வேலையிலிருந்து நீக்கப்பட்டவர்களுக்கு மட்டுமே அதை மறுக்கலாம். நோட்டீஸ் கொடுக்காதது அதில் சேராது.

*ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட்.* டிகிரிச் சான்றிதழ் அடகுப் பொருள் அல்ல. கல்லூரிகள் பாக்கிக்காகச் சான்றிதழ்களைப் பிடித்துவைத்த வழக்குகளில் சென்னை உயர் நீதிமன்றம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. எழுதிக் கேளுங்கள். தராவிட்டால் வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள்.

*ரிலீவிங் லெட்டர்.* உண்மையான அடி விழுவது இங்கேதான். எல்லா ஊழியருக்கும் ரிலீவிங் லெட்டர் கொடுத்தே தீரவேண்டும் என்று பொதுச் சட்டம் எதுவும் நிறுவனத்தைக் கட்டாயப்படுத்தவில்லை. புதிய நிறுவனம் அதைக் கேட்கும், பின்னணிச் சரிபார்ப்பில் பழைய நிறுவனத்துக்குப் போன் போகும், பி.எஃப். பதிவில் இரண்டு வேலைகளின் தேதி ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் தெரிந்துவிடும். கோர்ட்டுக்குப் போகாத நிறுவனங்கள்கூட இந்த ஒரு தாளை வைத்துப் பணத்தை வசூலித்துவிடுகின்றன. ஆகவே பேரம் பேசும்போது பணத்தையும் ரிலீவிங் லெட்டரையும் ஒரே மூச்சில் பேசுங்கள்: "இந்தத் தொகையைக் கட்டுகிறேன், அன்றே கடிதம் வேண்டும்."

'அப்ஸ்காண்டிங்' என்று எழுதிவிட்டார்களா?

சொல்லாமல் நின்றவரை எச்.ஆர். பதிவில் 'அப்ஸ்காண்டிங்' என்று குறிப்பது வழக்கம். கேட்பதற்குத் தலைமறைவுக் குற்றவாளி மாதிரி இருந்தாலும் இங்கே அதன் பொருள் அனுமதியின்றி வராதவர் என்பதுதான். வேலையைக் கைவிட்டாரா என்பது அவருடைய எண்ணத்தைப் பொறுத்தது என்று 1979-இலும், எட்டு நாள் வரவில்லை என்பதற்காக விளக்கம் கேட்காமலே ஒரு தொழிலாளியைப் பட்டியலிலிருந்து நீக்கியது இயற்கை நீதிக்கு முரண் என்று 1993-இலும் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது.

இதனால் உங்களுக்கு என்ன பயன்? "ஏன் வரவில்லை" என்று கேட்டு வரும் கடிதங்களுக்குப் பதில் போட்டுவிட்டால் அந்த முத்திரையைக் குத்துவது கடினம். பதில் ஒரே வரியாக இருந்தாலும் போதும்: நான் ராஜினாமா செய்துவிட்டேன், தேதி இது. மூன்று மாதம் சம்பளம் வராமலோ, தொல்லை தாங்காமலோ, உடல்நலம் கெட்டோ நின்றிருந்தால் அந்தக் காரணத்தையும் அன்றே எழுதுங்கள். சம்பளம் தராத நிறுவனம் நோட்டீஸ் சம்பளம் கேட்கும்போது உங்கள் பக்கம் பேசுவது அந்தத் தேதியிட்ட கடிதம்தான்.

லீகல் நோட்டீஸ் வந்தால்

வழக்கமான நோட்டீஸ் மூன்று பக்கம் இருக்கும். முதல் பக்கம் நிறுவனத்தின் பெருமை. இரண்டாம் பக்கம் "ஈடுசெய்ய முடியாத நஷ்டம்", "சிவில் மற்றும் கிரிமினல் நடவடிக்கை" போன்ற சொற்கள். மூன்றாம் பக்கத்தில் தொகையும் கெடுவும். நீங்கள் படிக்கவேண்டியது மூன்றாம் பக்கத்தை. தொகை எப்படி வந்தது என்று பிரித்துக் காட்டியிருக்கிறார்களா, அது உங்கள் ஆர்டரோடு பொருந்துகிறதா என்று பாருங்கள்.

நோட்டீஸை வாங்காமல் திருப்பி அனுப்புவதால் ஒரு லாபமும் இல்லை. வாங்குங்கள், கெடுவுக்குள் பதில் அனுப்புங்கள். ஒப்புக்கொள்ளும் தொகை, மறுக்கும் தொகை, உங்களுக்கு வரவேண்டியது என்ற மூன்றும் பதிலில் இருக்கட்டும்.

உண்மையில் வழக்குப் போட அவர்களுக்கு மூன்றாண்டு அவகாசம் உண்டு. சம்மன் வந்தால் 30 நாளில் எதிருரை தாக்கல் செய்யவேண்டும். போகாமல் விட்டால் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு வந்து, கேட்ட தொகை முழுதும் உங்கள் தலையில் விழலாம். அதை ரத்துசெய்யக் கேட்கவும் 30 நாள்தான். தீர்ப்பை நிறைவேற்றச் சம்பளத்தை ஜப்தி செய்தால்கூட முதல் 1,000 ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது. ஆர்டரில் நடுவர் ஷரத்து இருந்தால் நடுவர் நோட்டீஸையும் இதே அக்கறையோடு பாருங்கள். அவர் தீர்ப்பும் கோர்ட் தீர்ப்பு மாதிரியே நிறைவேறும்.

வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், ஆலைத் தொழிலாளர் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே இலவச உதவி உண்டு. தேசிய உதவி எண் 15100.

ஏற்கெனவே நின்றுவிட்டீர்களா? இந்த வாரமே செய்யவேண்டியவை

1. அலுவலக மின்னஞ்சலும் எச்.ஆர். போர்ட்டலும் அடைபடுவதற்குள் ஆர்டர், சம்பளச் சீட்டு, விடுப்புக் கணக்கு ஆகிய உங்கள் சொந்த ஆவணங்களை மட்டும் இறக்கிக்கொள்ளுங்கள். வேலைக் கோப்பு எதையும் தொடாதீர்கள்.
2. கீழே உள்ள மாதிரியில் மின்னஞ்சல் அனுப்புங்கள். அதன் நகலை ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட்டிலும் போடுங்கள்.
3. லேப்டாப், அடையாள அட்டை, சிம், சாவி எல்லாவற்றையும் நேரில் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் படம் எடுத்துவிட்டுக் கூரியரில் அனுப்பி, ரசீதை வையுங்கள்.
4. மேலே காட்டிய மாதிரி உங்கள் கணக்கை நீங்களே போடுங்கள். எச்.ஆர். கணக்கு வருவதற்கு முன்பே அது கையில் இருக்கவேண்டும்.
5. முழுத் தொகையும் இல்லையா? தவணை கேளுங்கள். புதிய நிறுவனம் அவசரப்படுத்தியதால் வந்திருந்தால் நோட்டீஸ் தொகையை அவர்களே கட்டுவார்களா (பையவுட்) என்று அங்கே கேளுங்கள்.
6. பணம் கட்டினால் வங்கி வழியாக மட்டும் கட்டி, "முழுக் கணக்கும் தீர்ந்தது" என்று எழுதி வாங்குங்கள்.

மாதிரி மின்னஞ்சல் (அலுவலகம் ஆங்கிலத்தில் இயங்கினால் ஆங்கிலத்தில் எழுதவும்):

*பொருள்: ராஜினாமா, கணக்குத் தீர்வு – ஊழியர் எண் ....*

*ஐயா / அம்மா,*

*நான் .... தேதி முதல் பணியிலிருந்து விலகுகிறேன். சொந்தக் காரணங்களால் நோட்டீஸ் காலத்தில் .... நாள்களை முடிக்க இயலவில்லை. பணி ஆணையின் .... ஷரத்துப்படி அதற்குரிய தொகையை என் சம்பளம், விடுப்புத் தொகையோடு ஈடுகட்டி, விவரமான கணக்குத் தாள் அனுப்பக் கோருகிறேன். என்னிடமுள்ள நிறுவனப் பொருள்களை .... அன்று ஒப்படைக்கிறேன். பணி ஒப்படைப்புக் குறிப்பை இணைத்துள்ளேன். கணக்குத் தீர்ந்ததும் ரிலீவிங் லெட்டரும் அனுபவச் சான்றிதழும் வழங்கவேண்டும்.*

இதில் மன்னிப்பும் இல்லை, சண்டையும் இல்லை. தேதி, ஷரத்து, தொகை, பொருள், கடிதம் என ஐந்தும் இருக்கின்றன. பின்னால் எந்த வக்கீலிடம் போனாலும் முதலில் கேட்கப்போவது இந்த ஐந்தைத்தான்.